வாஷர் போச்சு

ஏப்ரல் 16

யோகா மேட்டைப் பரண் மேலிருந்து இறக்கி விரித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் சுருண்டு கிடந்ததால் விரிய மாட்டேன் என்றது. இந்த முனையை மிதித்தால் அந்த முனை சுருண்டது. அந்த முனையில் அம்மிக் குழவியை வைத்தேன். இந்த முனையை நான் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் பொறுத்துக்கோ, அவ்வளவுதான்" என்றேன். ஐந்து மாதத்துக்கு முன் பிரசவ அறையில் நர்ஸ் என்னிடம் சொன்ன அதே தொனியில்.

பச்சிமோத்தாசனம் செய்து பார்த்தேன். முன்பெல்லாம் நெற்றி முட்டியில் போய்ப் படியும். இன்று நெற்றிக்கும் முட்டிக்கும் நடுவில் ஒரு மினி பஸ் தாராளமாகத் திரும்பலாம்.

பயிற்சியை எழுதி வைக்கச் சொன்னது யோகா பட்டயப் படிப்பில் எங்கள் ஆசிரியை. அதனால்தான் இந்த நோட்டு. நான் இசக்கிப்ரியா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா பீடி சுற்றுகிறாள், அப்பா லோடு ஏற்றுகிறார். கல்லூரியில் பெயரைக் கேட்டால்கூட எனக்குக் குரல் பாதியில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் நான் எடுத்த யோகா வகுப்பில் மட்டும் நிற்காது. "மூச்சை இழு" என்றால் ஒரு வகுப்பே இழுக்கும். வேறு எங்கும் நான் சொல்லி யாரும் எதையும் இழுத்ததில்லை.

அந்த வகுப்பு திரும்பக் கிடைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி. காலையில் தலைமை ஆசிரியை எஸ்தர் மேடம் போன் செய்தார். "ஜூன் இருபத்தொண்ணு யோகா தினம். பேரன்ட்ஸ் எல்லாம் வருவாங்க. வழக்கம்போல சூரிய நமஸ்காரம், அந்தக் குதிக்கிறதோட, நீங்க முன்னால நின்னு நடத்தணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க இடத்துல டெம்ப்ரவரியா வந்த பொண்ணு நல்லாத்தான் செய்யுது."

"முடியும் மேடம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

போனை வைத்ததும் பெரிய தும்மல் ஒன்று வந்தது. மேட் நனைந்துவிட்டது. பாப்பாவின் வேலை. பாப்பா ஆதிரை அந்த நேரம் உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், அத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். இருந்தாலும் பாப்பாவின் வேலைதான்.

ஏப்ரல் 18

இன்று சவாசனத்தில் கிடந்தபோது அத்தை விளக்கேற்ற வந்தார். அத்தை என்றால் என் மாமியார்.

"ஏட்டி! எந்திரி! மயங்கிட்டியா?"

"இல்ல அத்தை, ஆசனம்."

"கண்ண மூடிக்கிட்டுக் காலப் பரப்பிக்கிட்டுக் கெடக்க. என்ன ஆசனம் இது?"

"சவாசனம்."

அத்தையின் கையில் தீப்பெட்டி அப்படியே நின்றது. "வெளக்கு வைக்க நேரத்துல வாயில வருத பேரைப் பாரு! புள்ள பெத்து பச்ச ஒடம்பா இருக்கவ சவம் மாதிரிக் கெடக்கேங்கா. ஏட்டி, நான் ஒம்புருசனத் தெனமும் 'சவமே, எந்திரிடா'ன்னுதான் எழுப்புதேன். அவன் கெடக்கதுக்கு எந்தக் காலேஜில சர்ட்டிபிகேட் குடுத்தாவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே எழுந்து பாத்ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அத்தை சமாதானமாகி, அந்த ஆசனத்துக்குப் புதுப் பெயரும் வைத்திருந்தார். சும்மாசனம்.

ஏப்ரல் 23

பயிற்சி இல்லை. துவைக்க மூன்று நைட்டி. பாப்பா பாவம், எத்தனை பழிதான் சுமப்பாள்.

ஏப்ரல் 29

பாப்பாவுக்கு எடை பார்க்கும் நாள். கூட்டிப்போகிறேன் என்றார் அத்தை. பிறகு பஸ்ஸில் போகவேண்டும் என்று தெரிந்ததும் "நீ போயிட்டு வா, எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது" என்றார். வாந்தி வருமா என்று கேட்டேன். "அதுல ஒண்ணுதான்" என்றார்.

அத்தையைப் பற்றி ஒரு விஷயம் எழுத வேண்டும். அவர் சிரித்து நான் முழுதாகப் பார்த்ததில்லை. டிவியில் ஏதாவது வேடிக்கை வந்தால் பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் வாசலோரமாகத்தான் உட்காருவார், தண்ணீர் குடிக்க மாட்டார். தம்பி வீடு சிவகிரியில் இருக்கிறது. போய்ப் பல வருடம் ஆகிறதாம். கோபக்கார மாமியார் என்று நினைத்து முதல் வருடம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

எடை பார்த்த நர்ஸ் பாப்பாவைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த பெண்ணும் அதே வேகத்தில் "இல்ல சிஸ்டர்" என்றாள்.

மே 3

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பேனா கோணல்மாணலாகப் போகிறது. சிரிப்பில்.

பின்வாசல் துவைகல்லில் மேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னட்டி, தெனமும் இதப் போட்டுத் தேய்க்க?"

"பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா அத்தை."

"பாப்பாவக் காலையில இருந்து நாம்லா வச்சிருக்கேன்."

பாப்பா என்னையே பார்த்தாள். என் பக்கம் சாட்சி சொல்ல மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. நான் சோப்பைத் தேய்த்தேன். நுரை முழங்கைவரை வந்துவிட்டது. அத்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"வாஷர் போச்சா?"

"எந்த வாஷர் அத்தை?"

"ஒனக்குத்தாம்ட்டி. தும்முனா சொட்டுதா?"

மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"சிரிச்சா?"

"ம்."

"குதிச்சா?"

"குதிச்சா சொட்டாது அத்தை. கொட்டும்."

அத்தை பாப்பாவை இடுப்பு மாற்றிக்கொண்டார். "எனக்கு ஒம்புருசன் பொறந்தப்பவே போச்சு. ஒன் மாமனாருக்கே தெரியாது. தெரியாமலே போய்ச் சேந்துட்டாரு மனுசன். அவரு பாட்டுக்கு ராத்திரி ஜோக்கு சொல்லுவாரு. நான் மூஞ்சிய உர்ருன்னு வச்சிக்கிட்டு இருப்பேன். 'பெரம்மசக்தி, ஒனக்குச் சிரிக்கவே தெரியாதா'ன்னு சாகுத வரைக்கும் கேட்டாரு."

நான் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த உர்ரென்ற முகத்தை அவர் செய்து காட்டியிருக்கக் கூடாது.

"சிரிக்காதட்டி! நீ சிரிச்சா எனக்கும் வருது!"

"நீங்க மொதல்ல நிறுத்துங்க அத்தை!"

"ஐயோ, இந்தப் புள்ளயப் பிடி, பிடி!"

பாப்பாவை என் ஈரக் கையில் திணித்துவிட்டு அத்தை பாத்ரூமுக்கு ஓடினார். வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம். "அத்தை, எனக்கும்!" என்று நான் கதவைத் தட்ட, "நாந்தாம்ட்டி சீனியரு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சுடலைமணி சாப்பிட வந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சத்தம் கேட்டுப் பின்வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன போச்சு? ஏன் கத்துதீங்க?"

நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அத்தைதான் உள்ளிருந்து கத்தினார். "வாஷருடா! ரெண்டு வாஷரும் போச்சு!"

"இதுக்குப் போயா? நான் பாத்துக்கிடுதேன்."

மே 4

அவர் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. காலையிலேயே டூல்ஸ் பெட்டியோடு உட்கார்ந்து அடுக்களைக் குழாய், பாத்ரூம் குழாய், பின்வாசல் குழாய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். ஒழுகுவது எந்த இரண்டு என்று யாரும் சொல்லாததால் எல்லாவற்றுக்கும் புது வாஷர்.

"எத்தன நாளாம்மா ஒழுகுது? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"அது ஆச்சுடா முப்பது வருசம்" என்று அத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"இந்தக் குழாய் மாட்டியே ஆறு வருசந்தான ஆகுது?"

அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நான் பாப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் புரியாமல் குழாயை இறுக்கிவிட்டு, எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினார். "பாருங்க. கம்பெனி வாஷர். இனிமே என்ன ஆட்டு ஆட்டுனாலும் ஒரு சொட்டு வராது."

முதலில் ஓடியது நான். சீனியாரிட்டி எல்லாம் பார்க்கவில்லை.

மாலையில் அவர் பாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒழுகுனாலும் அழுதாளுவ, ஒழுகலன்னாலும் அழுதாளுவ. நீயாவது ஒழுங்கா இரு தாயி." குழாய்களை அவர் இறுக்கிய இறுக்கில் யாராலும் திறக்க முடியவில்லை. இப்போது அடுக்களையில் கரண்டிகளோடு ஒரு கட்டிங் பிளேயரும் தொங்குகிறது.

மே 9

எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. பட்டயத் தேர்வில் 'இடுப்புத் தளத் தசைகளும் மூலபந்தமும்' என்று ஒரு வினா வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். எழுதிய தசை என் உடம்பில்தான் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

இன்று முதல் இருவரும் சேர்ந்து பயிற்சி. அத்தைக்கு நாற்காலி, எனக்கு மேட். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, மேலே தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"இவ்வளவுதானா? நான் கோயில் கொடைக்கெல்லாம் இதச் செஞ்சுக்கிட்டுத்தான உக்காந்திருப்பேன்."

"அப்போ மூஞ்சியையும் சேத்து இறுக்குவீங்களா அத்தை?"

"இறுக்குதனா?"

கண்ணாடியைக் காட்டினேன். பார்த்தவர் சிரித்துவிட்டார். அதோடு இன்றைய வகுப்பு முடிந்தது. பரவாயில்லை. "மூச்சை விடுங்க, தோளை இறக்குங்க" என்று சொன்னபோது என் குரல் பழையபடி வந்தது. அத்தை தோளை இறக்கினார். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

மே 13

எந்த வேலையிலும் செய்யலாம் என்பதுதான் இதில் வசதி. வெங்காயம் உரிக்கும்போது, தொட்டில் ஆட்டும்போது, கேஸ் சிலிண்டருக்காக வாசலில் நிற்கும்போது. அத்தை ஒரு சங்கேதம் வைத்திருக்கிறார். "ஏட்டி, கொழாய மூடுனியா?" என்றால் இறுக்கவேண்டும். "மூடிட்டேன் அத்தை" என்று பதில் சொல்லவேண்டும்.

இன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல் கேட்டார். "அதான் புது வாஷர் போட்டாச்சே. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எதுக்குக் கேக்கீங்க? என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?"

மே 17

குதித்துப் பார்த்தேன்.

மே 18

நேற்று எழுதப் பிடிக்கவில்லை. நாலைந்து நாளாகத் தும்மல் பரவாயில்லை, இருமல் பரவாயில்லை. அந்தத் தைரியத்தில் சூரிய நமஸ்காரத்தில் காலைப் பின்னால் தூக்கிக் குதித்தேன். தரையில் விழுந்ததும் எல்லாம் போயிற்று. பாப்பா கைதட்டுவதுபோல் ஏதோ செய்தாள்.

பள்ளிக்கூடத்தின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் புதுப் பெண்ணின் வீடியோ வந்திருந்தது. பெயர் தர்ஷினி. ரப்பர் பந்து மாதிரி குதிக்கிறாள். நன்றாகவே செய்கிறாள், அதுதான் எரிச்சல். மூன்று முறை பார்த்தேன். "மேடம், என்னால் வர இயலாது" என்று எஸ்தர் மேடத்துக்கு டைப் செய்தேன். அழித்தேன். டைப் செய்தேன்.

அத்தை பின்னால் நின்றிருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என் முதுகைப் பார்த்தே வாசித்துவிட்டார்.

"போன கீழ வையி. நாள மக்காநாளு ஆசுபத்திரிக்குப் போவோம்."

"அத்தை, டாக்டர்ட்ட எப்படிச் சொல்ல?"

"நீ படிச்சவதான? நீதான் சொல்லணும். நான் வேணும்னா பக்கத்துல நிக்கேன்."

"பஸ்ஸுல போகணும்."

அத்தை கொடியில் காய்ந்த சேலையை இழுத்தார். "ஒரு சேலையச் சேத்து எடுத்துக்கிடுதேன்" என்றார்.

மே 20

போய்விட்டு வந்துவிட்டோம்! வரிசையாக எழுதுகிறேன்.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முன்னால் "மூடுட்டி!" என்றார். பாப்பாவை மடியில் வைத்திருந்த நான் "மூடியாச்சு!" என்றேன். கண்டக்டர் கதவு திறந்திருக்கிறதோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மகப்பேறு டாக்டர் சின்ன வயதுதான். "சொல்லுங்கம்மா" என்றார். பஸ்ஸில் நல்ல தமிழில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'பிரசவத்துக்குப் பிந்தைய சிறுநீர்க் கசிவு' என்று தொடங்கும். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"டாக்டர், வாஷர் போச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அத்தை முழங்கையால் என்னை இடித்தார். டாக்டர் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "தும்மினாலா, குதிச்சாலா?" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் எளிதாக வந்தது. பரிசோதித்தார். தசை இன்னும் தேறவில்லை, நான் செய்யும் பயிற்சி சரிதான், ஆனால் நடுவில் மூச்சைப் பிடிக்கிறேன் என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்லும் திருத்தம் அது.

"குதிக்கிறது மட்டும் கொஞ்ச மாசத்துக்கு வேண்டாம். ஒவ்வொரு காலா பின்னால வச்சுச் செய்யுங்க. அதுவும் சூரிய நமஸ்காரம்தானே?"

"ஸ்கூல்ல குதிக்கணும் டாக்டர்."

"ஏன் முடியாதுன்னு ஸ்கூல்ல சொல்லுங்க."

சொல்வதற்கு அவருக்கென்ன.

எழுந்திருக்கும்போது அத்தை நாற்காலியை விடவில்லை. "டாக்டரம்மா, இது முப்பது வருசத்து வாஷரா இருந்தா?" என்றார். அவரையும் பார்த்தார். நாளாகும், ஆனால் குறையும் என்றார். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்.

மாற்றுச் சேலை பையிலேயே இருந்தது. அத்தை வரும் வழியில் ஒரு பாட்டில் சர்பத் வாங்கி, முழுதும் குடித்தார்.

மாலையில் என் வீட்டுக்காரரிடம் என்னுடையதை மட்டும் சொன்னேன். என்னைப் பார்த்தார். பிறகு அடுக்களைக் குழாயைப் பார்த்தார், பின்வாசல் குழாயைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏய், நான் பாட்டுக்கு ஒரு சொட்டு வராதுன்னு..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "இவ்வளவு நாளா எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்க" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

இரண்டாவது வாஷர் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. தன் அம்மா குடித்து முடித்துக் கொண்டுவந்திருந்த காலி சர்பத் பாட்டிலைக் கழுவி வைத்தார்.

ஜூன் 5

எஸ்தர் மேடத்தின் அறை. பள்ளி திறந்து சில நாள்தான் ஆகிறது, மேசை முழுக்கப் புதுப் புத்தக வாசனை.

"மேடம், இருபத்தொண்ணாம் தேதி நான் நடத்துறேன். ஆனா குதிக்க மாட்டேன்."

"குதிக்காம எப்படி? போன வருஷம் பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணா குதிச்ச போட்டோதானே பேப்பர்ல வந்துச்சு?"

"ஒவ்வொரு காலா வைக்கலாம் மேடம்."

"அது மெதுவால்ல இருக்கும். என்ன பிரச்சனை? முட்டி வலியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முட்டி வலி கௌரவமான வலி. ஆசிரியைகள் எல்லோருக்கும் இருக்கிறது. என் நாக்கில் அது வந்து உட்கார்ந்தும் விட்டது.

"குதிச்சா யூரின் வந்துடும் மேடம். பாப்பா பிறந்ததுல இருந்து. டாக்டர் கொஞ்ச மாசம் குதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மத்ததெல்லாம் நான் செய்வேன். நல்லா செய்வேன்."

மேடம் மின்விசிறியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு, "அன்னைக்கு நீங்க பண்ணுங்க. பேரன்ட்ஸ் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுத்தான் நான் முடிவு சொல்வேன். தர்ஷினியை இன்னும் அனுப்பல" என்றார்.

வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'நல்லா செய்வேன்' என்று நானா சொன்னேன்?

ஜூன் 14

பாப்பா குப்புற விழுந்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கிப் புஜங்காசனம் செய்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூச்சையும் பிடிக்கவில்லை.

ஜூன் 21

குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை வந்துவிட்டது. காலையிலிருந்து வானம் மூடியே கிடந்தது. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எதிரே நாற்காலிகளில் பெற்றோர்கள், பெரும்பாலும் அம்மாக்கள். சட்டையில் மைக் மாட்டினார்கள். குரல் பாதியில் நின்றுவிடுமோ என்று பயம்.

"மூச்சை இழு" என்றேன்.

மைதானமே இழுத்தது. அவ்வளவுதான், பயம் போய்விட்டது. கைகள் மேலே, குனி, வலது கால் பின்னால், இடது கால் பின்னால். மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை பிள்ளைகளின் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் போகும் சத்தம் நன்றாக இருந்தது.

இரண்டாவது சுற்றில் முன்வரிசை பொடியன் ஒருவன் குனிந்த தலையைத் தூக்கிக் கேட்டான். "மிஸ், இந்த வருஷம் ஏன் குதிக்கல?"

"எனக்குப் பாப்பா பிறந்திருக்குடா. உடம்பு இன்னும் தேறல. இப்போ குதிச்சா ஒண்ணுக்கு வந்துடும்."

அவனிடம்தான் சொன்னேன். மைக் சட்டையில் இருந்ததை மறந்துவிட்டேன். என் குரல் ஸ்பீக்கர் வழியாகப் போய் எதிர்க் கட்டிடத்தில் பட்டு, "வந்துடும்" என்று திரும்பி வந்தது.

அப்படியே செத்துவிடலாம் என்று நினைத்தேன். எஸ்தர் மேடம் மேடையில் எழுந்து நின்றுவிட்டார். அப்போது நாற்காலிகள் பக்கம் ஓர் அம்மா களுக்கென்று சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். சிரித்தவர்களில் பாதிப் பேர் சட்டென்று காலைப் பின்னிக்கொண்டதையும் பார்த்தேன். நடு வரிசையிலிருந்து ஒரு அம்மா கூவினார்: "டீச்சர், எங்களுக்கும் ஒரு வகுப்பு எடுங்க!"

அதற்குள் சாரல் விழத் தொடங்கியது. மேடம் என் அருகில் வந்து, என் மைக்கைப் பொத்திக்கொண்டு, "திங்கக்கிழமை முதல் பீரியடு ஆறாம் வகுப்பு பி. லேட் பண்ணாதீங்க" என்றார். பிறகு தன் மைக்கில், "எல்லாரும் உள்ள ஓடுங்க, நனையாதீங்க, ஓடுங்க!" என்றார்.

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பாக்கள் ஓடினார்கள். தர்ஷினி ரப்பர் பந்து மாதிரி ஓடினாள்.

அம்மாக்கள் ஒருவர்கூட ஓடவில்லை. சிரித்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மழைக்குள் மெதுவாக நடந்து வந்தார்கள். நான் கொஞ்சம் நின்று, அவர்களோடு சேர்ந்து நடந்தேன்.